பெயர் சுமந்த வெண்கலம்



எகிப்து என்று சொன்னவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை பிரமிடுகள். அடுத்து நினைவுக்கு வருபவை, துணியில் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட மன்னர்களின் உடல்கள். தூத்தன்காமன் என்ற இளம் மன்னரின் பொன் முகமூடியையும் நம்மில் பலர் படத்தில் பார்த்திருப்போம். இவை அளவாலோ பொன்னாலோ நம்மை வியக்க வைப்பவை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அத்தகையதன்று. ஏறக்குறைய 70 செண்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடி உயரமே உள்ள ஒரு வெண்கலச் சிலை அது. பட்டத்தரசி ஒருவரின் சிலையுமன்று. ஒரு குறுநிலத் தலைவரின் மகளுடைய சிலை. ஆனால் பண்டைய எகிப்தியர் சாவைப் பற்றி என்ன நினைத்தார்கள், சாவை வெல்ல என்னென்ன செய்தார்கள் என்பதை இந்தச் சிறிய சிலை மிகத் தெளிவாகச் சொல்கிறது.

அந்தப் பெண்மணியின் பெயர் தாகுஷித். கி.மு. 670ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட இந்தச் சிலை, 1880ஆம் ஆண்டில் எகிப்தின் வடபகுதியில், அலெக்சாந்திரியா நகருக்கு அருகிலுள்ள மரியூத் ஏரியையொட்டிய கோம் துருகா என்னும் இடத்தில் கிடைத்தது. அதே ஆண்டில், டிமிட்ரியூ என்ற கிரேக்கர் தாம் சேர்த்து வைத்திருந்த எகிப்தியப் பழம்பொருள்களைத் தம் தாய்நாட்டுக்கு வழங்கினார். அவற்றோடு சேர்ந்து தாகுஷித்தும் கிரேக்க நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இன்று அவர் ஏதென்ஸ் நகரத்துத் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்.

இந்தச் சிலையைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகளைக் கேட்போம். இவர் யார்? இந்தச் சிலை எதற்காகச் செய்யப்பட்டது? எப்படிச் செய்யப்பட்டது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், சிலையில் உள்ள ஒவ்வொரு கோடும் நம்மோடு பேசத் தொடங்கிவிடும்.

முதற் கேள்வி, இவர் யார் என்பது. தாகுஷித் ஒரு பூசாரிணி. இவருடைய தந்தை அக்கனோஷ் என்பவர், 'மா' இனத்தாரின் பெருந்தலைவர் என்ற பட்டம் உடையவர். மா இனத்தார் எகிப்தின் பூர்வகுடிகள் அல்லர். மேற்கே லிபியப் பாலைநிலத்திலிருந்து வந்து, நைல் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் டெல்டாச் சமவெளியில் குடியேறியவர்கள். நாளடைவில் படைவீரர்களாகி, பின்னர் தலைவர்களாகி, சிறுசிறு பகுதிகளை ஆளத் தொடங்கினார்கள்.

மகளின் பெயரைப் பாருங்கள். தாகுஷித் என்றால் 'கூஷ் நாட்டுப் பெண்' என்று பொருள். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில் இருந்த நாடு. வடக்கே வாழ்ந்த லிபிய வழித்தோன்றல் ஒருவரின் மகளுக்குத் தென்கோடி நாட்டின் பெயர் எதற்கு? அங்கேதான் அந்தக் காலத்து அரசியல் இருக்கிறது. கி.மு. 728ஆம் ஆண்டை ஒட்டி, கூஷ் நாட்டு மன்னர் பீயே நைல் நதி வழியாக வடக்கே படையெடுத்து வந்து, எகிப்தின் குறுநிலத் தலைவர்களைப் பணிய வைத்தார். தம் வெற்றியை ஒரு பெரிய கல்லில் விரிவாகப் பொறித்தும் வைத்தார். அந்தக் கல் 1862ஆம் ஆண்டில் சூடானில் கண்டெடுக்கப்பட்டது. அதில் பணிந்த தலைவர்களின் பெயர்களுக்கிடையே அக்கனோஷ் என்ற பெயரும் வருகிறது. இவர் தாகுஷித்தின் தந்தைக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். பீயேயின் வழிவந்த கூஷ் மன்னர்களையே எகிப்தின் 25ஆம் அரச மரபினர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே, தாகுஷித் என்ற பெயரில் ஆளும் மரபின் செல்வாக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம்.

காலத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். கி.மு. 671இல் அசிரியப் பேரரசர் எசர்ஹதோன் படையோடு வந்து எகிப்தின் பழம்பெரும் நகரமான மெம்பிசைப் பிடித்தார். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் தெற்கே தீப்சு நகரமும் சூறையாடப்பட்டது. ஊர்கள் கைமாறிக்கொண்டிருந்த, நாளை யார் ஆள்வார்கள் என்று எவராலும் சொல்ல முடியாதிருந்த காலத்தில்தான் இந்தச் சிலை உருவானது. தன்னை அழியாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு எழ, இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்தச் சிலை எதற்காக?

மனிதன் என்பவன் உடலும் உயிரும் மட்டுமே என்று எகிப்தியர் கருதவில்லை. உடலோடு சேர்ந்து பிறந்து, உணவால் வளர்ந்து, இறந்த பின்னும் உணவை நாடி நிற்கும் உயிராற்றலை அவர்கள் 'கா' என்றார்கள். உடலை விட்டுப் பறந்து சென்று மீண்டும் திரும்பி வரக்கூடியதை 'பா' என்றார்கள். அதனை மனிதத் தலையுடைய பறவையாக வரைந்தார்கள். இவற்றோடு பெயரும் மனிதனின் ஓர் உறுப்பு என்று நம்பினார்கள். பெயர் சொல்லப்படும்வரை மனிதன் வாழ்கிறான். பெயரை அழித்தால் அவனையே அழித்ததாகும். அதனால்தான் பகை மன்னர்களின் பெயர்களைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்தார்கள்.

'கா' தங்குவதற்கு ஓர் உடல் வேண்டும். உடலைப் பக்குவப்படுத்திப் பாதுகாத்தார்கள். ஆனாலும் அந்த உடல் அழியலாம், கள்வர்களால் சிதைக்கப்படலாம். அப்படி நேர்ந்தால் மாற்று வேண்டுமல்லவா? அந்த மாற்றுடல்தான் சிலை. எகிப்திய மொழியில் சிற்பியைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றுக்கு 'வாழ வைப்பவன்' என்பதே பொருள். சிலையைச் செய்து முடித்ததும் வாய் திறக்கும் சடங்கு ஒன்றை நடத்துவார்கள். பூசாரி, தச்சர் கையாளும் வாய்ச்சி போன்ற கருவியால் சிலையின் வாயைத் தொடுவார். அதன்பின் அந்தச் சிலை மூச்சுவிடும், உண்ணும், கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இத்தகைய சிலைகள் கல்லறையில் மட்டும் வைக்கப்படவில்லை. வசதி படைத்தவர்கள் கோவிலிலும் தங்கள் சிலைகளை வைத்தார்கள். கோவிலில் தெய்வத்துக்கு நாள்தோறும் படைக்கப்படும் உணவு, முதலில் தெய்வத்தின் முன் வைக்கப்படும். பின்னர் அங்குள்ள சிலைகளுக்குக் காட்டப்படும். இறுதியில் பூசாரிகளுக்குப் பங்கிடப்படும். ஆகவே கோவிலில் சிலையாக நிற்பவருக்கு, அவர் இறந்து நெடுங்காலம் ஆன பின்னும் நாள்தோறும் உணவு கிடைக்கும். தெய்வத்தின் அருகில் இடமும் கிடைக்கும். தாகுஷித்தின் சிலை தெய்வத்துக்கு அளித்த காணிக்கையாகவும், இறப்புக்குப் பின் அவருக்குத் துணையாகவும் அமைந்த சிலை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நமக்கு இவை இரண்டு வேறு காரியங்களாகத் தோன்றலாம். அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. வாழும்போது தெய்வத்துக்குத் தொண்டு செய்தவர், இறந்த பின்னும் அதே தொண்டில் நிற்க விரும்பினார்.

அடுத்து மூன்றாவது கேள்வி: எப்படிச் செய்தார்கள்?

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். செம்பு எகிப்தின் கிழக்குப் பாலைநிலத்திலும் சினாய்ப் பகுதியிலும் கிடைத்தது. வெள்ளீயத்தை வெளிநாடுகளிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. தனிச் செம்பு உருக 1083 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெள்ளீயம் சேர்ந்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். வார்ப்பில் நன்றாக ஓடும். ஆறியபின் செம்பைவிடக் கடினமாக இருக்கும். பிற்காலத்தில் காரீயத்தையும் சேர்த்தார்கள். அதனால் உருகிய உலோகம் இன்னும் இளகி, அச்சின் இண்டு இடுக்குகளிலெல்லாம் புகுந்தது.

அந்த நாளில் மின்சார ஊதுலை ஏது? தீப்சு நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் உலோகத் தொழிலாளர்களின் ஓவியம் ஒன்று இருக்கிறது. அது கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தொழிலாளர்கள் இரண்டு துருத்திகளின்மேல் காலுக்கொன்றாக ஏறி நிற்கிறார்கள். ஒரு காலால் ஒன்றை மிதிக்கிறார்கள்; அதே நேரத்தில் மற்றதைக் கயிற்றால் மேலே இழுக்கிறார்கள். இப்படி மாறி மாறி மிதித்து, கரியின் நெருப்பை ஊதி ஊதித்தான் உலோகத்தை உருக்கினார்கள்.

சிலை வார்த்த முறை மெழுகு வார்ப்பு. சுவாமிமலையில் நம் ஸ்தபதிகள் பஞ்சலோகத் திருவுருவங்களை வார்ப்பதும் மெழுகு வார்ப்பு முறையில்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சோழர் காலத்துத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே உலோகம் நிறைந்த கன வார்ப்பு. தாகுஷித்தின் சிலையோ உள்ளே வெற்றிடம் உள்ள பொள்ளல் வார்ப்பு. எகிப்தியரும் சிறிய உருவங்களைக் கனமாகவே வார்த்தார்கள். பெரிய உருவத்தைக் கனமாக வார்த்தால் உலோகம் மிகுதியாகச் செலவாகும். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே சீராக ஆறாமல் வெடிப்பும் விழும். அதனால் பொள்ளலாக வார்த்தார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். முதலில் களிமண்ணும் மணலும் கலந்து, உருவத்தின் பருமட்டான வடிவில் ஓர் உட்கரு செய்வார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் தேன்மெழுகை ஒரே கனத்தில் பூசுவார்கள். முகம், விரல், மயிர்ச்சுருள் ஆகிய நுட்பங்களையெல்லாம் இந்த மெழுகில்தான் செய்து முடிக்க வேண்டும். பிறகு மெழுகை ஊடுருவி உட்கருவுக்குள் செல்லும்படி சிறு உலோக முளைகளைச் செருகுவார்கள். மெழுகு போன பின்னும் உட்கரு அசையாமல் நிற்க இந்த முளைகளே துணை. அடுத்து, உலோகம் உள்ளே செல்லவும் காற்று வெளியேறவும் வழிகள் வைத்து, நுண்ணிய களிமண்ணால் மேலே பூசி, அதற்கும் மேல் தடித்த மண்ணால் மூடிவிடுவார்கள்.

இந்த மண் அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில், அது கொண்டிருந்த வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் ஆவி கிளம்பி வெடித்துவிடும். ஊற்றும்போது இடையில் தயங்கினால் உலோகம் பாதியில் உறைந்துவிடும். உட்கரு சிறிது நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஓட்டையாகிவிடும். இத்தனைக்கும் வாய்ப்பு ஒரே ஒருமுறைதான். மெழுகு உருவம் போய்விட்டது. அச்சையும் உடைத்தால்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். ஆகவே இப்படி வார்த்த சிலைக்கு இரட்டைப் பிறப்புக் கிடையாது.

தாகுஷித் சிலையின் உண்மையான அருமை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவர் அணிந்திருப்பது உடலோடு ஒட்டிய நீண்ட ஆடை. அந்த ஆடை முழுவதும் வரிசை வரிசையாகத் தெய்வ உருவங்களும் சித்திர எழுத்துகளும் நிறைந்திருக்கின்றன. இவை வண்ணம் தீட்டியவை அல்ல. வெண்கலத்தில் உளியால் நுண்ணிய பள்ளங்கள் வெட்டி, அவற்றில் விலையுயர்ந்த உலோகக் கலவையாலான மெல்லிய கம்பியை வைத்து, தட்டித் தட்டிப் பதித்திருக்கிறார்கள். மயிரிழைபோல் ஓடும் அந்தக் கோடுகள், கருத்த வெண்கலத்தின்மேல் ஒளிவிட்டு நிற்கின்றன. தெய்வங்களின் தசை பொன், எலும்பு வெள்ளி என்பது எகிப்தியர் கொள்கை. ஆகவே ஒளிரும் உலோகத்தால் தெய்வங்களை வரைந்தது அழகுக்காக மட்டுமன்று. தெய்வத்துக்கு உரிய பொருளாலேயே தெய்வத்தைக் காட்டினார்கள்.

இனிச் சிலையை அருகில் நின்று பார்ப்போம். இடக்கால் சற்று முன்னே வந்திருக்கிறது. எகிப்தியக் கலையில் ஆண்கள் இடக்காலை முன்வைத்து நடப்பதுபோல் நிற்பார்கள். பெண்களைப் பெரும்பாலும் கால்களைச் சேர்த்து வைத்தே காட்டினார்கள். தாகுஷித்தோ நடக்கிறார். ஒரு கை பக்கத்தில் தொங்க, மற்றொரு கை மார்பின் முன் மடங்கியிருக்கிறது. கோவிலில் தம் கடமையைச் செய்யப் போகும் பூசாரிணியாக, செயலில் இருப்பவராகவே அவரைக் காட்டியிருக்கிறார் சிற்பி.

உடலைப் பாருங்கள். பழைய எகிப்தியச் சிற்பங்களில் பெண்கள் மெலிந்த இடையும் ஒடுங்கிய உடலும் உடையவர்கள். தாகுஷித்தின் உடல் நிறைந்த உடல். தோளும் மார்பும் தொடையும் திரண்டு உருண்டிருக்கின்றன. கூஷ் மன்னர்களின் காலத்தில் பெண்ணழகு என்றால் இந்த நிறைவுதான். தலையில் குட்டையாக, அடுக்கடுக்கான சுருள்களோடு கூடிய பொய்ம்முடி. பெயரில் தெரியும் கூஷ் நாட்டுச் சாயல் இவ்வாறு உருவத்திலும் தெரிகிறது.

ஆடையிலுள்ள தெய்வங்கள் டெல்டாவின் வடகிழக்குப் பகுதியில் வழிபடப்பட்டவை. சிலை கிடைத்த இடமோ டெல்டாவின் மேற்கு ஓரம். தம் ஊர்க் கோவில்களையும் தெய்வங்களையும் ஆடையாகவே உடுத்திக்கொண்டவர், எங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டாலும் அந்தத் தெய்வங்களின் நடுவில்தான் இருப்பார். தெய்வங்கள் அவரைச் சுற்றிக் காவல் நிற்கும். அவற்றின் நடுவே அவருடைய பெயரும், தந்தையின் பெயரும் இருக்கும். வண்ணமென்றால் உதிர்ந்துபோகும்; மேலோட்டமாகக் கீறினால் தேய்ந்துபோகும். உலோகத்துக்குள் உலோகமாக இறங்கிவிட்ட பெயரை எளிதில் அழிக்க முடியாது. இந்தச் சிலையின் கலை நுட்பம் முழுவதும் இந்த ஒரு நோக்கத்துக்கே ஏவல் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: பெயர் உடலை விட்டுப் பிரியக் கூடாது.

இத்தகைய சிலைகள் நமக்கு அதிகமாகக் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கல்லை உடைத்தால் கல்தான் மிஞ்சும். வெண்கலத்தை உருக்கினால் ஆயுதமும் பாத்திரமும் செய்யலாம். போர்க்காலத்தில் உலோகத்துக்குத்தான் முதலில் ஆபத்து. அரசகுலப் பெண்களின் பெரிய வெண்கலச் சிலைகளில் தப்பியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கரோமாமாவின் சிலை. எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்த பிரெஞ்சு அறிஞர் சாம்பொல்லியோன், எகிப்துக்குச் சென்றிருந்தபோது 1829இல் அதனை வாங்கினார். தாகுஷித்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மூத்த அந்தச் சிலையிலும் பொன் பதித்த வேலைப்பாடு உண்டு.

சிறிய வெண்கல உருவங்களோ ஆயிரக்கணக்கில் தப்பியிருக்கின்றன. இறந்தோரின் தெய்வமான ஒசிரிசுக்கு மக்கள் காணிக்கையாக அளித்த உருவங்கள் அவற்றில் மிகுதி. கோவிலில் இடம் போதாமற் போனால் அவற்றை எறிந்துவிடவும் மாட்டார்கள்; எல்லாவற்றையும் உருக்கிவிடவும் மாட்டார்கள். தெய்வத்துக்குக் கொடுத்தது தெய்வத்துக்கே உரியது என்று கோவில் எல்லைக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்து வைத்தார்கள். கார்னாக் கோவிலில் 1903ஆம் ஆண்டு லெக்ரேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அத்தகைய குழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து நூற்றுக்கணக்கான கற்சிலைகளோடு, ஏறக்குறைய 17,000 வெண்கலப் பொருள்கள் வெளிவந்தன. அந்த மரியாதைதான் அவற்றை நமக்குக் காத்துத் தந்தது.

நேயர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாகுஷித்தைப் பெயரிட்டு அழைத்த கூஷ் அரச மரபு, சிலை பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் எகிப்தை இழந்தது. அசிரியப் பேரரசும் அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் வீழ்ந்தது. அவருக்குப் படையல் காட்டிய கோவில் இல்லை. அந்தத் தெய்வங்களை வழிபடுவோரும் இல்லை. ஆனால், ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் கேள்விப்பட்டிராத ஒரு மொழியில், அவர் கண்டிராத ஒரு கடலுக்கு அப்பாலிருந்து, நாம் இப்போது அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயர் சொல்லப்படும்வரை வாழ்வு உண்டு என்ற அவர்களுடைய கணக்கின்படி பார்த்தால், அவர் எண்ணியது ஈடேறிவிட்டது.

ஈடேறச் செய்தவர் யார்? மெழுகைத் தேய்த்து உருவாக்கிய கை, துருத்தியை மிதித்த கால், மயிரிழைக் கம்பியைப் பள்ளத்தில் வைத்துத் தட்டிய கண்ணும் கருத்தும் யாருடையவை? தாகுஷித்தின் பெயர் சிலையில் இருக்கிறது. அவருடைய தந்தையின் பெயர் இருக்கிறது. வாழ வைப்பவன் என்று பட்டம் பெற்ற சிற்பியின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. வடிவத்தைக் கொடுத்துவிட்டுத் தான் மறைந்துபோகும் மெழுகைப்போல் அவரும் மறைந்துவிட்டார்.

அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது, பழைய சிலை ஒன்றின்முன் சற்று நின்று, இன்று நாம் கேட்ட அதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது யார், எதற்காக, எப்படி? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும்போது அந்தப் பெயர் தெரியாத கைகளையும் ஒரு கணம் நினையுங்கள். பெயர் சொல்லி அழைக்க முடியாவிட்டாலும், அவர்கள் செய்த வேலையை அறிந்து போற்றுவது நம்மால் இயலும்.